தண்ணீர் படுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் பாப்பாவும் நலந்தானே?

கம்பளத்தில் சாம்பார் கொட்டிவிட்டது, எந்தப் பவுடர் போட்டுத் தேய்க்கட்டும் என்று போனில் கேட்டாய். எதையும் போடாதே, தேய்க்காதே என்று சொல்வதற்குள் பாப்பா அழுதுவிட்டாள், நீயும் வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன். ஹாலில் நீங்கள் பழைய சாமான் கடையில் வாங்கிய கம்பளிக் கம்பளம் இருக்கிறது. பாப்பாவுக்கு நாங்கள் அனுப்பிய பட்டு ஜமக்காளம் இருக்கிறது. நீ கல்யாணமாகிப் போகும்போது எடுத்துச் சென்ற சாதா நூல் ஜமக்காளம் இருக்கிறது. வாசலில் சணல் விரிப்பு. நான்கும் தரையில் விரிப்பவைதான், ஆனால் நான்குக்கும் வேறு வேறு குணம். ஒன்றுக்கு நல்லது செய்வது இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

முதலில் சாம்பார். மேலே இருப்பதை ஸ்பூனால் வழித்து எடு. வெள்ளைத் துணியை மடித்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடு. நடுவிலிருந்து ஆரம்பித்தால் கறை வெளியே பரவும். தேய்த்தால் கம்பளி இழை பிரிந்து சிம்பு சிம்பாக நிற்கும், அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. ஈரம் ஒற்றிய பிறகும் எண்ணெய் உள்ளே இருக்கும். அதற்கு கார்ன்ஃபிளார் மாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வாக்யூம் கிளீனரால் இழுத்துவிடு. அப்புறம் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதனால் ஒற்று. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. தண்ணீரை மட்டும் நேராக ஊற்றாதே. ஊற்றினால் அடியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்வரை ஊறி, இங்கிலாந்தில் உங்கள் லீட்ஸ் குளிரில் காயாமல் நாறும்.

இதற்குப் பிறகும் மஞ்சள் நிறம் நிற்கும். அது மஞ்சள்தூள் செய்கிற வேலை. சோப்புப் பட்டால் அந்த இடம் சிவந்துபோகலாம், பயப்படாதே. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் சிவப்பதை நீ பார்த்திருக்கிறாய், அதேதான் இதுவும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை, சுண்ணாம்பு, சோப்பு போன்றவற்றின் காரம். ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து ஒற்றினால் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் போக்குவது வெளிச்சம். மஞ்சள் வெயிலில் நிற்காத நிறம். அந்தப் பக்கம் ஜன்னலோரம் வருகிற மாதிரி கம்பளத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறதா என்று பார். கறை வெளுத்ததும் இடத்தை மாற்றிவிடு, ஏனென்றால் கம்பளத்தின் சொந்தச் சாயமும் வெயிலில் வெளுக்கும்.

மாப்பிள்ளை சமையல் சோடா போடலாம் என்று வீடியோவில் பார்த்ததாகச் சொன்னார். அவரிடம் நான் சொன்னேன் என்று பக்குவமாகச் சொல். சோடாவும் காரம்தான். அதன் தூள் இழைகளின் அடியில் போய்த் தங்கிவிடும், வாக்யூம் முழுதாக எடுக்காது, ஈரம் பட்டால் மறுபடி கரையும். கம்பளி ஆட்டு ரோமம், நம் தலைமுடி எதனால் ஆனதோ அதே புரதம்தான் அதிலும் இருக்கிறது. காரம் அதற்கு ஆகாது. பாத்ரூமுக்கு ஊற்றும் பிளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். உங்கள் கடைகளில் பயோ என்று போட்டு விற்கும் சலவைப் பவுடரையும் கம்பளிப் பக்கம் கொண்டுபோகாதே. ரத்தக் கறை, பால் கறை போன்ற புரதக் கறைகளைத் தின்பதற்காகவே அதில் என்சைம் சேர்த்திருக்கிறார்கள். அது கறை எது, ரோமம் எது என்று பிரித்துப் பார்க்காது.

ஹால் கம்பளம் நிஜமாகவே கம்பளிதானா என்பதை நீ உறுதி செய்யவேண்டும். விற்றவர் சொன்னது போதாது. மேலே நிமிர்ந்து நிற்கும் இழையிலிருந்து ஒரே ஒரு துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்றவை. முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தியோ ரேயானோ. உருகிக் கட்டியாக உறைந்தால் செயற்கை நூல். குஞ்சத்திலிருந்து எடுக்காதே. கம்பளிக் கம்பளத்துக்குக்கூட பாவு பெரும்பாலும் பருத்திதான், குஞ்சம் என்பது அந்தப் பாவு நூலின் நுனி. அதை எரித்துப் பார்த்துவிட்டு முழுக் கம்பளத்தையும் பருத்தி என்று நினைத்துக்கொள்வாய்.

பிறகு கம்பளத்தைப் புரட்டி முதுகைப் பார். முன்பக்கத்துப் பூவும் கோடும் முதுகிலும் அப்படியே தெரிந்து, சின்னச் சின்ன முடிச்சுகள் வரிசையாக இருந்தால் கையால் முடிச்சுப் போட்டது. முதுகு முழுவதும் கித்தான் மாதிரி ஒரு துணி ஒட்டியிருந்தால், அதற்கு உள்ளே ரப்பர்ப் பால் பசை இருக்கிறது. அந்த வகையை ஊறவைக்கவே கூடாது. பசை விட்டுப்போய் வெள்ளைத் தூளாகக் கொட்டும்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். கறை கண்ணுக்குத் தெரிவதால் நீ அதையே நினைத்துக் கவலைப்படுகிறாய். கம்பளத்தைக் கொல்வது கறை இல்லை அம்மிணி, மண். எத்தனையோ வருஷம் குழித்தறியில், அதாவது தரையில் குழி வெட்டிக் காலை உள்ளே விட்டு நெய்யும் கைத்தறியில், உட்கார்ந்தவன் சொல்கிறேன். ஜமக்காளம் நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடை நூலைப் பலகையால் அடித்து அடித்து நெருக்குவோம். வெளியே தெரிகிற நிறமெல்லாம் ஊடைதான், பாவு நூல் முழுக்க அதற்குள் மறைந்துவிடும். அந்த நெருக்கத்தால்தான் ஜமக்காளம் தலைமுறை தாண்டி உழைக்கிறது. செருப்போடும் காற்றோடும் வருகிற பொடி மணல் அந்த நெருக்கத்துக்குள் இறங்கினால், தானாக வெளியே வராது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அதன் கூர்முனை நூலை அரம் மாதிரி ராவும். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும், ஒரு நாள் திடீரென்று நடைபாதையில் மட்டும் நூல் விட்டுப்போகும். அப்படிக் கிழிந்து வந்த ஜமக்காளங்களை உதறிப் பார்த்திருக்கிறேன், கைப்பிடி மண் கொட்டும். அந்த மண்ணோடு தண்ணீர் ஊற்றினால் சேறாகி இன்னும் ஆழத்தில் போய் உட்காரும். அதனால்தான் தூசி எடுப்பது முதல் வேலை, தண்ணீர் கடைசி வேலை என்று உன்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆள் நடமாடும் இடத்தில் வாரம் இரண்டு தடவையாவது வாக்யூம் போடு. சுழலும் பிரஷ் இருந்தால் அதை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சல் மட்டும் வை. இழை சாயும் திசையிலேயே இழு, கையால் தடவினால் எந்தப் பக்கம் வழுவழுப்போ அதுதான் திசை. குஞ்சத்தின் மேல் வாக்யூமை ஏற்றாதே, அதைக் கையால் உதறிவிடு. தானாக ஓடும் குட்டி மெஷினையும் குஞ்சமுள்ள விரிப்புப் பக்கம் விடவேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை கம்பளத்தைக் குப்புறப் போட்டு முதுகில் வாக்யூம் பிடி. பிறகு தூக்கிப் பார், தரையில் மண் கிடக்கும். ஜமக்காளம் என்றால் நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து வெளியே உதறினாலே போதும். இங்கே கல்யாண மண்டபத்தில் பந்தல் வேலைக்காரர்கள் செய்வது அதுதான்.

நூல் ஜமக்காளத்தைத் துவைக்கலாம், ஆனால் குளிர்காலத்தில் வேண்டாம். இங்கே சித்திரை வெயிலில் காலையில் அலசிப் போட்டால் மத்தியானம் மடித்துவிடலாம். உங்கள் ஊரில் ஜூன் மாதம் வரட்டும், காற்றும் வெயிலும் உள்ள நாளாகப் பார். அதற்கு முன் சாயத்தைச் சோதிக்கவேண்டும். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. சிவப்பை அவசியம் பார், இளகினால் முதலில் இளகுவது பெரும்பாலும் அதுதான். துணியில் நிறம் ஏறினால் துவைக்காதே. கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பெரியம்மா சொல்வாள், அதை நம்பவேண்டாம். உப்புக்கு வேலை சாயம் ஏற்றும்போதுதான், ஏற்றி முடித்த பிறகு இல்லை.

சாயம் நின்றால், குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, மென்மையான திரவ சோப்பு கொஞ்சம் கலந்து, ஜமக்காளத்தை விரித்துப் போட்டு, காலால் மிதி. ஊறவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதே. நுரை போகும்வரை அலசு. முறுக்கிப் பிழியாமல் தொட்டி விளிம்பில் போட்டு வடியவிடு. வாஷிங் மெஷினில் போட்டால் ஈரக் கனம் தாங்காமல் மெஷினும் கெடும், ஓரமும் கோணும். டிரையர் சூட்டில் சுருங்கும். காயவைக்கும்போது ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் இரண்டு கயிற்றின் மேல் பரப்பி, நல்ல பக்கம் நிழலைப் பார்க்கிற மாதிரி போடு.

பாப்பாவின் பட்டு ஜமக்காளம் அப்படியில்லை. பட்டு என்று நாம் சொல்கிறோமே தவிர, அதில் இருப்பது ரேயான், மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல். உலர்ந்திருக்கும்போது பளபளவென்று உறுதியாக இருக்கும். நனைந்தால் தன் வலுவில் பெரும்பங்கை இழந்துவிடும். அதை மிதிக்கவோ பிழியவோ கூடாது, ஈரமாக இருக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. பாப்பா பால் கக்கினாலோ ஒன்றுக்குப் போனாலோ உடனே குளிர்ந்த தண்ணீர்த் துணியால் ஒற்று. வெந்நீர் பட்டால் பால் கறை இறுகிக்கொள்ளும். மூத்திர நாற்றம் போக அதே வினிகர் தண்ணீர் போதும். இன்னும் சொன்னால், அதன் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்துப் பாப்பாவைப் படுக்கவை, வேட்டியைத் தினமும் துவைத்துக்கொள்ளலாம்.

அந்த ஜமக்காளம் உனக்குப் புதிதாக இன்னொன்று சுலபமாகக் கிடைக்காது என்பதாலும் இவ்வளவு சொல்கிறேன். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் வருஷத்துச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறியில் நெய்தது மலிவாக இங்கேயே விற்கிறது. நம் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது, பிள்ளைகள் யாரும் குழியில் இறங்குவதில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், கூலி அப்படி. நெய்த பொருள் நெடுநாள் உழைக்கவேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறேன்.

பூச்சி விஷயம் ஒன்று இருக்கிறது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். சுத்தமான பருத்தியை அநேகமாகத் தொடாது, எண்ணெயோ சோறோ பட்டிருந்தால்தான் கடிக்கும். அது இருட்டையும் ஆள் நடமாட்டமில்லாத இடத்தையும் தேடிப் போகும். சோபாவுக்கு அடியில் போயிருக்கும் கம்பளப் பகுதியை மாதாமாதம் இழுத்துப் பார். இழை மொட்டையாகி, அரிசி மாதிரிக் கூடுகளோ மெல்லிய வலையோ தெரிந்தால் இரண்டு பக்கமும் வாக்யூம் பிடித்து, அந்தக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கொட்டு. வேப்பிலை வைப்பது நம் பழக்கம், வைத்துக்கொள். ஆனால் உள்ளே இருக்கும் புழு அதனால் சாகாது.

பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். போன முறை அம்மா உன் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் தேடி எடுத்து எறிந்துவிடு. நாப்தலின் உருண்டையை ஐரோப்பாவில் விற்கவே தடை. தவழும் குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. சில குழந்தைகளுக்கு அதன் நெடி பட்ட துணியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

சணல் விரிப்பைத் தண்ணீரில் நனைக்காதே, பழுப்பாகிவிடும். உதறு, அவ்வளவுதான். ஊருக்கு வரும்போது கம்பளத்தை எடுத்துவைப்பதென்றால் மடிக்காமல் சுருட்டு, பழைய பருத்திப் புடவையில் சுற்று, பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டால் ஒரே இடம் தேயாது.

கம்பளத்தின் முதுகை நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ, கறை இருக்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. முடிச்சா, பசையா என்று பார்த்துச் சொல்கிறேன். நான் பதில் சொல்லும்வரை அதன் மேல் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே.

அன்புடன்,
அப்பா
பவானி