அந்தக் கோணல் தையலைப் பிரிக்காதீர்கள்

ஊர்த் துணிச்சித்திரக் குழுவில் இருக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள், அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன். ஒன்றாக இணைத்துத் தொங்கவிடுவதற்காக ஊரார் தைத்துக் கொடுத்த துணிச் சதுரங்களில் "சரியில்லாதவை" என்று ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்து, வெளியிலிருந்து கைதேர்ந்த ஒருவரை வரவழைத்து மறுபடி தைக்கப் போவதாகச் சொன்னீர்கள். என்னுடையதும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

கோணல் வேறு, தளர்வு வேறு. தளர்ந்த தையலைச் சரி செய்துதான் ஆக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. முடிச்சு விட்டுப்போன நூல், விரல் நுழைகிற அளவுக்கு நீளமாகத் தொங்கும் இழை, ஓரத்தில் கால் அங்குலம்கூட விடாமல் வெட்டிய துணி, இவையெல்லாம் தொங்கவிட்ட கொஞ்ச நாளிலேயே கிழியும், இல்லாவிட்டால் போகிற வருகிறவர்களின் வளையலில் மாட்டும். இதற்கு முழுச் சதுரத்தையும் பிரிக்க வேண்டியதில்லை, பின்பக்கம் நாலு தையல் போட்டால் போதும். ஆனால் சங்கிலித் தையல் ஒரு பக்கம் குண்டாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் போவதால் துணிக்கு எந்தக் கேடும் இல்லை. கேடு பிரிப்பதில்தான் வரும். நெருக்கமாக நெய்த பருத்தியில் ஊசி போன துளை அவ்வளவு சுலபத்தில் மூடாது, பழைய கோட்டின் மேலேயே திரும்பத் தைத்தால் அந்த இடம் நைந்துபோகும். பிரித்துத் தைத்துப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

ஏரிச் சதுரத்தையும் அந்தக் கட்டில் பார்த்தேன். நீல நூல் பாதியில் தீர்ந்துபோனதால் மீதித் தண்ணீரைச் சாம்பல் நூலில் தைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் இப்போது அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்திருக்கிறது. பிரான்சின் பாயோ துணிச்சித்திரம், 11ஆம் நூற்றாண்டு வேலை, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம், லினன் துணியில் கம்பளி நூல். அதில் நீலக் குதிரை உண்டு, ஒரே குதிரைக்கு இரண்டு நிறத்தில் கால்கள் உண்டு. குதிரையின் மறுபக்கத்துக் கால் என்று காட்டுவதற்காக அங்கே வேண்டுமென்றே நிறத்தை மாற்றினார்கள், நம்முடையது நூல் தீர்ந்ததால் வந்தது, வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனாலும் நீலக் குதிரை ஒன்று ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றுகொண்டிருக்கும்போது, நம் பாதி ஏரி சாம்பலாக இருந்தால் என்ன?

பார்க்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்றுதானே சொல்கிறீர்கள்? சரி, அதற்கு வேறு வழி இருக்கிறது. 2013இல் மக்கள் பார்வைக்கு வந்த ஸ்காட்லாந்தின் பெரிய துணிச்சித்திரத்தில் 160 பேனல்கள், அதாவது தனித்தனித் துண்டுகள், ஆயிரம் பேருக்குப் பக்கம் தைத்தார்கள். படத்தை வரைந்தவர் ஆண்ட்ரூ கிரம்மி என்ற ஒரே ஓவியர். அந்தக் கோடுகளுக்குள் எந்தத் தையல், என்ன நிறம் என்பதெல்லாம் பெரும்பாலும் தைத்தவர்கள் பாடு. நாம் ஆரம்பத்திலேயே அப்படி ஒரு பொதுக் கோடு போடவில்லை, அது நம் எல்லோருடைய தப்பு. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சதுரங்களுக்கு நடுவே ஒரே நிறத்தில் ஒரே அகலத்தில் பட்டி வைத்து இணைத்தால் கண் தானாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பட்டித் துணியை மட்டும் முன்கூட்டியே நனைத்துக் காயப்போட்டு விடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும், சாயம் போனாலும் அப்போதே தெரிந்துவிடும். சிவப்பை நம்பவே நம்பாதீர்கள்.

அடுத்தது பெயர். பாயோ துணியைத் தைத்த கைகளில் ஒன்றின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுத் துணியோ பெயருக்காகவே பிறந்தது. அந்த நோயால் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடியில் ஒரு துண்டு, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோதே 1,920 பேனல்கள் இருந்தன, தைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசி பிடிக்காதவர்கள். அங்கே யாராவது நின்று தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்களா? நம்முடையது துக்கத்துக்குச் செய்தது இல்லை, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்தில் நீங்கள் காட்டிய மாதிரிப் பலகையில் குழுவின் பெயரும் நன்கொடையாளர் பெயரும் மட்டும்தான் இருந்தன. வேறொருவர் பிரித்துத் தைத்துவிட்டால், எந்தச் சதுரத்தின் பின்னால் யார் பெயரைப் போடுவது?

தொங்கவிடும் இடத்தையும் ஒரு தடவை யோசியுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் தின்ற சாயம் திரும்பி வராது. அருங்காட்சியகங்களில் பழைய துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுகிறார்கள், லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு, 50 என்றால் அரையிருட்டு. நாம் அவ்வளவு போக வேண்டாம், உள்சுவர் போதும். நாலு மூலையில் ஆணி அடிக்காமல் மேல் ஓரம் முழுக்க உறை மாதிரித் தைத்து உள்ளே கம்பு நுழைத்தால் பாரம் சமமாக இறங்கும். கழற்றி வைக்கும்போது மடிக்காமல் உருட்டுங்கள்.

பின்பக்கத் துணியை வெட்டுவதற்குள் எல்லோர் பெயரையும் அவரவர் கையெழுத்திலேயே வாங்கித் தருகிறேன், சனிக்கிழமை வரை அவகாசம் கொடுங்கள். அதுவரை அந்தக் கட்டில் கத்தரிக்கோல் படவேண்டாம். என் சதுரத்தைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து பிரிக்கிறேன். ஏரிக்காரர்களிடமும் அதேபோல் கேளுங்கள்.