முதலில் அணைவது திடலின் விளக்கு

ஐயா,

மாநகராட்சியின் நிதி நெருக்கடியால் விளையாட்டுத் திடல், பூங்காப் பராமரிப்புப் பணிகள் தள்ளிப்போவது பற்றிய செய்தியைப் படித்தேன். வருமானம் குறையும்போது இவைதான் முதலில் வெட்டப்படுகின்றன. பிரிட்டனில் 2010-க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளில் பல உள்ளாட்சிகள் நீச்சல் குளங்களை மூடின. சட்டப்படி கட்டாயச் சேவை இல்லை என்பதே அதற்கு வசதியாகப் போயிற்று. ஆனால் கையில் காசில்லாத காலத்தில்தான் இலவசத் திடலுக்குத் தேவை கூடுகிறது. வீட்டுச் செலவைக் குறைப்பவர்கள் ஜிம் கட்டணத்தையும் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்தையும்தானே முதலில் நிறுத்துவார்கள்?

கபடிக்குப் பேர்போன செல்லூர்ப் பக்கம், தறி சரியாக ஓடாத மாதங்களில் திடலுக்கு வரும் இளைஞர் கூட்டம் கூடும். எங்கள் திடலில் இரண்டு விளக்குகள் எரியாமல் போயின; மாற்ற நிதி இல்லை என்றார்கள். அவ்வளவுதான், ஆறரை மணிக்கு மேல் ஆட்டம் நின்றது. வசதி உள்ள பையன்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துத் தனியார் டர்ஃபுக்குப் போனார்கள். மற்றவர்கள் தெருமுனையில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். இங்குள்ள ரேஸ்கோர்ஸ் விளையாட்டு அரங்கில் 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது மதுரைக்குப் பெருமை. சரி, அங்கே ஆடப்போகும் அடுத்த பிள்ளை இந்த மாதிரித் திடலில்தானே தொடங்க வேண்டும்? புதிய கட்டுமானங்களை ஓராண்டு தள்ளிவைத்தாலும் பரவாயில்லை; விளக்கு, குடிநீர், கழிப்பறை, காவலாளி சம்பளம் ஆகியவற்றுக்கான தொகையை வார்டுவாரியாகத் தனியே ஒதுக்கி, வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி மாமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை