ஊசி போடும் முன் குப்பியைக் காட்டுங்கள்

அழகுக்கான போட்டாக்ஸ் ஊசி போடும் நிலையங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். போன முறை என் புருவ மத்தியில் ஊசி போட்டவர், நான் உள்ளே போகும்போதே மருந்தை சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான்" என்றார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் வலது இமை பாதிக் கண்ணுக்கு இறங்கி நின்றது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தால்தான் எதையும் படிக்க முடிந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது எத்தனை யூனிட் போட்டார் என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை.

எல்லாம் ஒன்றில்லை. போட்டாக்ஸ், டிஸ்போர்ட் என்று விற்கும் இரண்டு மருந்துமே போட்டுலினம் என்ற நச்சின் ஏ வகைதான். ஆனால் ஒன்றின் யூனிட் இன்னொன்றின் யூனிட் ஆகாது. புருவ மத்திக் கோடுகளுக்கு போட்டாக்ஸ் என்றால் வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து இடத்தில் நான்கு நான்காக. அதே கோட்டுக்கு டிஸ்போர்ட் 50 யூனிட். பெயரே தெரியாமல் அளவை எப்படிச் சரிபார்ப்பது?

இது தோலில் பூசிக் கழுவிவிடும் பொருளும் இல்லை. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். இந்த நச்சு அந்த நுனிக்குள் புகுந்து, அசிட்டைல்கோலினை வெளியே விட உதவும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. சில நாளில் தசை தளரும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகும். இடையில் வேண்டாம் என்றால் திருப்பி எடுக்க வழியில்லை. இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து கசிந்துவிட்டால், தானாகத் தெளியும்வரை பொறுக்க வேண்டியதுதான். சொட்டு மருந்து கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவே. எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

மருந்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அமெரிக்காவில் 1989-இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடில்லாத இமைத் துடிப்புக்கும்தான். புருவக் கோட்டுக்கான அனுமதி 2002-இல்தான் வந்தது. எத்தனையோ பேருக்குக் கண் திறந்துவிட்ட மருந்து அது. அதனால்தான் அதைக் கவனமில்லாமல் கையாளுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், ஊசிக்கு முன் கேளுங்கள்: மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உண்டா, கர்ப்பமா, பாலூட்டுகிறாரா, ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் எடுக்கிறாரா என்று. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் இதில் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

குப்பியை எங்கள் எதிரில் திறந்து மருந்தை ஏற்றுங்கள். மருந்தின் பெயர், தொகுதி (பேட்ச்) எண், யூனிட், போட்ட இடங்கள், தேதி எல்லாம் எழுதி ஒரு சீட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்திருந்தால், இமை தொங்கிய அன்று கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்லியிருக்க முடியும்.

இப்படிக்கு,
ஊசி போட்டுக்கொண்ட ஒருத்தி