விருப்ப வரிசையை எழுத வேண்டியவர் வாக்காளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கடிதம் ஒன்றில் வாசகர் ஒருவர், ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு 2013-இல் விக்டோரியா மாநிலத்திலிருந்து ரிக்கி மியூர் என்பவர் வெறும் 0.51 விழுக்காடு முதல் விருப்ப வாக்குகளோடு தேர்வானதை எடுத்துக்காட்டி, வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிக்கும் முன்னுரிமை வாக்கு முறை என்பதே உதிரிக் கட்சிகள் கொல்லைப்புறமாக மேலவைக்குள் நுழைவதற்கான ஏற்பாடு என்று எழுதியிருந்தார். அவர் தந்த எண் சரியானது. ஆனால் அந்த எண்ணுக்குக் காரணமான விதி எது, அது பின்னர் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டதால், வாக்காளருக்கு நன்மை செய்யும் ஒரு முறை மீது வேண்டாத பழி விழுந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இம்முறை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. நமது சட்டமேலவை 1986-இல் கலைக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆசிரியர்கள் மட்டுமே வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதியில் நான் வாக்களித்திருக்கிறேன். வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை; பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று நாமே எண்களை எழுத வேண்டும். என்னுடன் வந்த தமிழாசிரியர், பழக்க தோஷத்தில் ஒரு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். 1 என்ற எண் இல்லாத சீட்டு செல்லாது என்று வெளியே வந்த பிறகு தெரிந்ததும், அவர் திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. அந்தச் சீட்டில் 1 என்று எழுதியதோடு என் வேலை முடிந்துவிட்டதாகத்தான் நானும் அன்று நினைத்தேன். 2-க்கு உள்ள வலிமை பின்னால்தான் புரிந்தது.

எங்கள் பகுதி மூணாறு தலைப்புக்கு அருகில் உள்ளது. வெண்ணாறு அங்கே கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சும் எங்கள் வழக்கத்தைக் கொண்டே இம்முறையை மாணவர்களுக்கு விளக்கி வந்தேன். மேல் வயலுக்கு வேண்டிய அளவு நிரம்பியபின் மிகுந்த நீர் வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்குப் போகும். அதுபோல ஒரு வேட்பாளருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகள் வீணாகாமல், அந்தச் சீட்டுகளில் 2 என்று குறிக்கப்பட்டவருக்குக் குறைந்த மதிப்போடு போய்ச் சேரும். மிகக் குறைந்த வாக்கு பெற்றவர் போட்டியிலிருந்து நீக்கப்படும்போது அவருடைய சீட்டுகளும் அவ்வாறே அடுத்த விருப்பத்துக்கு மாறும்.

மாநிலங்களவைத் தேர்தல் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு உரிய 18 இடங்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆறு இடங்கள் காலியாகின்றன. 234 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குக்குத் தலா 100 மதிப்பு, மொத்தம் 23,400. அதை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வரும் ஏழால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 3,343 வரும். ஆகவே 34 பேரின் முதல் விருப்பம் இருந்தால் வெற்றி உறுதி. ஒருவருக்கு 40 பேர் முதல் விருப்பம் தந்தால், மிகுதியான 657 மதிப்பு அந்த 40 சீட்டுகளுக்கும் பங்காகி, சீட்டுக்கு 16 வீதம் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். 2013 ஜூனில் ஆறு இடங்களுக்கு ஏழு பேர் போட்டியிட்டபோது, சட்டமன்றத்தில் 23 உறுப்பினர்களை மட்டுமே கொண்டிருந்த தி.மு.க., பிற கட்சிகளின் ஆதரவையும் சேர்த்து 31 வாக்குகள் பெற்று, 34-ஐத் தொடாவிட்டாலும் கடைசியில் எஞ்சிய போட்டியாளரைவிட முன்னணியில் இருந்ததால் ஓர் இடத்தை வென்றது. பெரும்பான்மைக் கட்சியே ஆறையும் அள்ளிக்கொண்டு போக இம்முறை விடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி அந்த 0.51 விழுக்காட்டுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்திலிருந்து வழக்கமாக ஒரு தேர்தலில் ஆறு செனட்டர்கள் தேர்வாவதால், வெற்றிக்கு வேண்டிய அளவு சுமார் 14.3 விழுக்காடு. அரை விழுக்காட்டிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் ஏறியதற்குக் காரணம், 1984 முதல் நடைமுறையில் இருந்த குழுச் சீட்டு விதி. மேசை விரிப்பைப் போல நீண்ட வாக்குச்சீட்டில் குறுக்கே போட்ட கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு மட்டும் 1 என்று எழுதினால் போதும். மீதி விருப்பங்கள் அனைத்தும் அக்கட்சி தேர்தல் ஆணையத்தில் முன்கூட்டியே பதிந்துவைத்த பட்டியல்படி ஓடும். பெரும்பாலான வாக்காளர்கள் அப்படித்தான் வாக்களித்தார்கள். தம்முடைய வாக்கு எத்தனையாவது சுற்றில் யாரைப் போய்ச் சேரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பட்டியல்களைச் சிறு கட்சிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டன. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் மேலவைக்கு 2021-இல், ஒரு மண்டலத்தில் 98 முதல் விருப்ப வாக்குகளே பெற்ற வேட்பாளர் இதே வகையில் உறுப்பினரானார். வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டில் உறங்கும்போது யாரோ மடையைத் திருப்பிவிட்ட கதை இது. குற்றம் தண்ணீர் மீது இல்லை.

அந்நாட்டினர் அதைத் திருத்திக்கொண்டார்கள். செனட் தேர்தலில் 2016-இல் குழுச் சீட்டு நீக்கப்பட்டது. கோட்டுக்கு மேலே குறைந்தது ஆறு கட்சிகளுக்கோ கீழே குறைந்தது பன்னிரண்டு வேட்பாளர்களுக்கோ வாக்காளரே தம் கையால் வரிசை எழுதும்படி விதி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவும் அந்த 98 வாக்குச் செய்திக்குப் பின் அதே ஆண்டில் குழுச் சீட்டை ஒழித்தது. அதற்காகச் சிறியவர்கள் மேலவையிலிருந்து மறைந்துவிடவில்லை. தலைநகர் கான்பெராவை உள்ளடக்கிய ஆட்சிப்பகுதியில் இருப்பவை இரண்டே செனட் இடங்கள். வெற்றிக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு வேண்டும். 2022-இல் அங்கே சுயேச்சையான டேவிட் போகாக் முதல் விருப்பத்தில் பெற்றது சுமார் 21 விழுக்காடு. பதவியில் இருந்த லிபரல் கட்சி செனட்டர் பெற்றது ஏறக்குறைய 25. பசுமைக் கட்சி உள்ளிட்ட பிறருக்கு வாக்களித்தோர் தாமே எழுதிய அடுத்தடுத்த விருப்பங்கள் போகாக்கைக் கரை சேர்த்தன. இந்த வெற்றியை யாரும் கொல்லைப்புற வழி என்று சொல்ல இயலாது.

நம் மாநிலத்தில் சிறு கட்சிகள் மேலவைக்குப் போகும் வழியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடமும் பெறாத ம.தி.மு.க.வும் பா.ம.க.வும் 2019-இல் தலா ஒரு மாநிலங்களவை இடம் பெற்றன. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத மக்கள் நீதி மய்யம் 2025-இல் ஓர் இடம் பெற்றது. அவற்றுக்குத் தகுதி இல்லை என்று நான் கூறவில்லை. ஆனால் மக்களவைத் தேர்தல் கூட்டணிப் பேச்சின்போதே ஒப்புக்கொள்ளப்பட்டு, பின்னர் வாக்கெடுப்பே இல்லாமல் போட்டியின்றி நிறைவேறிய இடங்கள் அவை. பெரிய கட்சி மனம் வைத்தால்தான் சிறிய கட்சிக்கு இடம் என்றால், அந்த உறுப்பினர் அவையில் யாருக்குக் கட்டுப்பட்டுப் பேசுவார்? கடைமடைக்குத் தண்ணீர் வருவது தலைமடைக்காரரின் தயவைப் பொறுத்தது என்ற நிலையை அனுபவித்த எங்களுக்கு இக்கேள்வி எளிதில் புரியும்.

சட்டமேலவையை மீண்டும் கொண்டுவரும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2010-இல் அதற்கு நாடாளுமன்றச் சட்டமே இயற்றப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. அப்பேச்சு இனி எழும்போது, செலவு, பதவி ஆகியவற்றோடு நில்லாமல், பட்டதாரிகளும் ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் தம் கையால் 1, 2, 3 என்று எழுதும் அந்தச் சீட்டைப் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும். அடுத்த மாநிலங்களவைத் தேர்தலில் வாக்கெடுப்பு நடந்தால், வென்றவர் பெயரை மட்டும் அச்சிடாமல், எந்தச் சுற்றில் எத்தனை மதிப்பு யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற முழுப் பட்டியலையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.