மீனாளுக்கு, களிமண் விஷயமாக

சிவமயம்

காரைக்குடி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பு மீனாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நானும் அப்பச்சியும் அப்பத்தாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

தீபாவளிக்கு வந்து போனதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு மெசேஜ். "தலை முழுக்கக் களிமண் பூசி போட்டோ எடுக்கப் போறோம், முடி கெடாம இருக்க என்ன செய்யணும்?" அவ்வளவுதான். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, கேட்கவாவது ஆத்தா ஞாபகம் வந்ததே. போனில் சொன்னால் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மேக்கப் போடுகிற பெண்ணிடமும் இதைக் காட்டு.

மற்ற விவரமெல்லாம் வள்ளி சொல்லித்தான் தெரியும். அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு வேளார் செய்கிற மண்குதிரை மாதிரி நீ நிற்பாயாம். முடி பிடரியாக விரிந்திருக்குமாம், மண் காய்ந்து வெடித்திருக்குமாம், மேலே வெள்ளை அடித்திருக்குமாம். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷூட்டிங் கானாடுகாத்தானில் என்றும், ரூம் அங்கேயே போட்டாச்சு என்றும் சொன்னாள். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் வீடு. அப்பச்சியிடம் ரூம் விஷயத்தை நான் சொல்லவில்லை. ஷூட்டிங் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

களிமண்ணுக்கு வருவோம். அதற்கு இரண்டு குணம். எண்ணெயை உறிஞ்சும், பானை மண்ணானாலும் முல்தானி மட்டியானாலும் அப்படித்தான். அடுத்தது, காயும்போது சுருங்கும். முடியின் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல நுனியைப் பார்த்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மண் அதைப் பிடித்துக்கொண்டு சுருங்கினால் ஓடு பெயரும். பெயர்ந்தது பெயர்ந்ததுதான், பிறகு எதை வைத்தாலும் ஒட்டாது. உன் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்புக்குக் கீழே தொங்குகிற நுனி, நீ காலேஜில் சேர்ந்த காலத்து முடி. அத்தனை வருஷம் வெயிலையும் சென்னை போர் தண்ணீரையும் தாங்கியது. அதிகம் காய்ந்துபோவது அதுதான், அங்கேதான் கவனம் வேண்டும்.

முதல் நாள் ராத்திரியே எண்ணெய் வைத்துவிடு. தேங்காய் எண்ணெய். ஆலிவ், ஆர்கன் என்று பாட்டிலைத் தேடிப் போகாதே. ரெலே, மோஹிலே என்று இரண்டு பேர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்னது, நேரானது, முடிக்குள்ளேயே போய்விடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். நீ மட்டும் டீச்சர் பெண் என்று கூச்சப்பட்டுக் குனிந்திருப்பாய்.

காலையில் எண்ணெயைக் கழுவாதே. தலையை லேசாக ஈரமாக்கி, நடுமுடியிலிருந்து நுனிவரை கண்டிஷனரை வழிய வழியப் பூசு. நீரையும் எண்ணெயையும் முதலிலேயே குடித்த முடி, மண்ணிடம் அவ்வளவாகப் பறிகொடுக்காது. தலைக்குப் பூசுகிற மண்ணைத் தனியாகக் குழைக்கச் சொல். அதில் ஒரு கை கண்டிஷனரும் கொஞ்சம் கிளிசரினும் சேர்க்கட்டும். மெதுவாகக் காயும், கழுவும்போது சட்டென்று கரையும். "அப்படிச் செய்தால் வெடிக்காதே" என்று போட்டோகிராபர் சொல்வார். வெடிப்பு வேண்டுமென்றால் நெற்றியிலும் தோளிலும் கையிலும் வெறும் மண்ணைப் பூசிக்கொள்ளட்டும், கேமராவுக்கு அங்கேதான் தெரியும். உள்முடியைப் பின்னிக் கொண்டையாக்கி மறைத்துவிட்டு மேல்முடிக்கு மட்டும் மண் வைத்தாலே போதும். எண்ணெய் வை, எண்ணெய் வை என்று நான் சொல்வது அலுப்பாக இருக்கும். ஆனாலும் வை.

இதைவிட நல்ல வழி அப்பத்தா சொன்னது. நான் உன் மெசேஜைப் படித்துக் காட்டியதும், "சவுரிக்குப் பூசட்டுமே, தலைக்கு எதுக்கு?" என்றார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. பெட்டகத்திலிருந்து தன் சவுரியையும் எடுத்துவந்து வைத்துவிட்டார்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி மாடத்தில் சேர்த்து வைத்துக் கட்டியது, உனக்குத் தெரியும். வேண்டாம், புதுசு வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். "மண்ணுக்குப் போற தலைக்கு எதுக்குடி சவுரி, அவகிட்டக் குடு" என்கிறார்கள். அதற்குக் களிமண் பூச எனக்கு மனசு வரவில்லை. மதுரையில் வாங்கித் தருகிறேன், நீளம் மட்டும் சொல்.

அடுத்தது இந்த வெள்ளை. இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. புரவிக்கு அடிப்பது சுண்ணாம்பு. குதிரைக்கு அடிக்கிறார்களே என்று உன் தலையிலும் அடித்துவிடப் போகிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல், அவ்வளவு கடும் காரம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும்போது, தோலிலிருந்து முடியைக் கழற்றச் சுண்ணாம்புத் தொட்டியில்தான் ஊறப்போடுவார்கள். முடி நீக்குகிற கிரீம்கள் பலவற்றிலும் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது இதே சுண்ணாம்பு, இருக்கும், வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படி. நம் முகப்புச் சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசியதில் இன்னும் முகம் தெரிகிறது. சுவருக்குச் செய்தது தலைக்கு ஆகாது.

சுண்ணாம்பு இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றாலும் ஒத்துக்கொள்ளாதே. தண்ணீர் பட்டதும் சூடாகி இறுகும், தோல் வெந்துவிடும். இறுகியபின் கத்தரிதான் போட வேண்டும். சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் பெயின்ட்டும் அதே கதைதான், காய்ந்தால் பிளாஸ்டிக். வெள்ளை வேண்டும் அவ்வளவுதானே? நாமக்கட்டி இருக்கிறது. அதுவும் ஒரு களிமண்தான், நெற்றியில் இட்டுக்கொள்கிற சாமான். ஜடேரி என்கிற ஊரின் நாமக்கட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்திருக்கிறார்கள். குழைத்துப் பூசினால் கேமராவில் சுண்ணாம்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எதுவானாலும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பார். காதில் பஞ்சு வைத்துக்கொள். பொடியாகத் தூவினால் மூச்சை அடக்கிக்கொள், நீ சின்னதிலேயே தூசிக்கு இழுப்பு வந்தவள். ஸ்ப்ரே, ஜிகினா எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

படம் எடுத்து முடிந்ததும் கையை வைத்து உதிர்க்காதே, சீப்பை எடுக்கவே எடுக்காதே. காய்ந்த மண்ணோடு சீவினால் மண்ணோடு முடியும் வரும். முதலில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஊறவிடு. மண் கரைந்து தானாக ஒழுகும்வரை ஊற்று. வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கஞ்சிப் பசையோ முட்டையோ கலந்திருந்தால் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீரில் முட்டை தலையிலேயே வெந்துவிடும். தண்ணீர் தெளிவாக வந்தபின், வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்து, துணியில் வடிகட்டித் தேய். திப்பி இருந்தால் அதுவும் உராயும். செம்பருத்தி இலையை அரைத்த தாளி வழுவழுவென்று சிக்கை விடுவிக்கும். அது இருக்கும்போதே நுனியிலிருந்து மேலே மேலே விரலால் கோது, மிச்சச் சிக்குக்குச் சிணுக்கோலி. ஈரமுடி இழுத்தால் நீளும், சீக்கிரம் அறும்.

இவ்வளவும் ஹோட்டல் பாத்ரூமில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு ஆகுமா? மண் போய் ட்ரெய்னை அடைத்தால் அவன் பணம் கேட்பான். இரண்டாங்கட்டில் கிணற்றடி சும்மாதான் கிடக்கிறது. ஊற்ற ஆள் வேண்டும், பின்பக்கம் பார்த்துக் கோத இன்னொரு கை வேண்டும். உன்னோடு வருகிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பாட்டுக்குச் சொல்லவா வேண்டும்? எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்.

கழுவும்போது கையோடு கொஞ்சம் முடி வரும், பயப்படாதே. நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் உதிர்வதுதான்.

தீபாவளி அன்றைக்கு நீ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனபின் பாத்ரூமில் தண்ணீர் போகவில்லை. சல்லடையைத் தூக்கினேன். அதில் இருந்தது 50-ம் இல்லை, 100-ம் இல்லை. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளி. இன்னொன்று எடுத்தேன், அதிலும் இருந்தது. அறுந்த முடிக்கு அந்தப் புள்ளி இருக்காது. வேரோடு கழன்றால்தான் இருக்கும். களிமண்ணும் சுண்ணாம்பும் வருவதற்கு முன்னாலேயே உனக்கு வேரில் விட்டுப்போயிருக்கிறது.

கடும் காய்ச்சல் வந்தாலோ, சரியாகச் சாப்பிடாமல் உடம்பு இளைத்தாலோ, மனசுக்கு அடி விழுந்தாலோ முடி அன்றைக்கே உதிராது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். ஐப்பசியிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஆடி வருகிறது.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்ததாக நீ சொல்லவில்லை. வேலை அதிகம் என்றாய். அதற்கு முன்னால் உன் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பெயர், ஆடிக்குப் பிறகு வரவே இல்லை. தீபாவளிக்கு வந்த மூன்று நாளும் வரவில்லை. அப்பச்சிகூடக் கவனித்துவிட்டார்கள், "என்ன, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒண்ணும் சொல்லலியே" என்றார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போதும் கேட்கப் போவதில்லை. டெங்கு, டைபாய்டு என்று ஏதாவது வந்து மறைத்திருந்தால் அதையாவது சொல், டாக்டரிடம் போவோம். ரத்தத்தில் இரும்புச்சத்தும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சும்மா இரு. இந்த மாதிரி உதிர்வது ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக நிற்கும், முடியும் திரும்ப முளைக்கும். நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாக எழும்பி நிற்கிறதா என்று கண்ணாடியில் பார். இருந்தால் எனக்கு எழுது.

போன வருஷம் நீ ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினாயே, அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அயித்தை வீட்டில் காட்டினேன். "மீனாளா இது!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. "எப்போ கல்யாணம்" என்று அடுத்த வாயில் கேட்டார்கள், நான் காபி ஆறுகிறது என்றேன்.

பிள்ளையார் நோன்பு மார்கழியில் வருகிறது. உன் ஷூட்டிங்கும் அதையொட்டித்தான் என்று வள்ளி சொல்கிறாள். 21 நூலிழையும் இழை மாவும் எடுத்து வைக்க வேண்டும், உனக்குச் சேர்த்துத்தான் எண்ணி வைப்பேன். பல்லவனில் ஏறினால் ஸ்டேஷனுக்கு அப்பச்சி வருவார்கள். எண்ணெய் நம் செக்கில் ஆட்டியது இரண்டு பாட்டில் கொரியரில் அனுப்பியிருக்கிறேன், ஷூட்டிங்குக்கு முன்னால் வாரம் இரண்டு தரமாவது வை. வேர் வரைக்கும் அழுத்தித் தேய்க்காதே, மெதுவாக.

எண்ணெய் வந்து சேர்ந்ததும் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆத்தா