‘இறுதியில்’ என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், மருந்து ஆய்வு ஒன்றைப் பற்றிய கட்டுரையில், ‘இறுதியில் ஒரு புள்ளியியலாளர் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்’ என்றிருந்தது. உயிரிப் புள்ளியியலை முப்பத்தோராண்டுகள் கற்பித்த என்னால் ‘இறுதியில்’ என்ற சொல்லைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

எத்தனை நோயாளிகள் தேவை, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று எவ்வாறு குலுக்கிப் பிரிப்பது, எதைக் குணமென்று கொள்வது, பாதியில் விலகியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது ஆகியவை அனைத்தும் முதல் நோயாளி முதல் மாத்திரையை விழுங்குமுன் எழுதி வைக்கப்பட வேண்டியவை. அவற்றை வகுப்பதுதான் எங்கள் வேலை. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கையில், ஒப்பிடுவதற்கு மறு குழுவே இல்லாத தரவுகளோடு வந்து, ‘பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்கள், சார்’ என்று, முடிவு தற்செயலானதா என மதிப்பிட உதவும் எண்ணைக் கேட்ட மாணவர்களை வெறுங்கையோடு அனுப்பிய வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. நான் வகுத்துக் கொடுத்த ஆய்வொன்றின் கட்டுரையிலேயே, ஆசிரியர் பட்டியலில் இல்லாமல், ‘கணக்கீட்டு உதவி’ என நன்றியுரையில் என் பெயர் வந்ததும் உண்டு.

வேறோர் ஆய்வில், அடுத்து வரும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்ற விவரம் வைத்து ஒட்டிய உறைகளை இளம் மருத்துவர் ஒருவர் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, மிகவும் நலிந்தவர்களுக்குப் புது மருந்து கிடைக்கும்படி வரிசையை மாற்றிவிட்டார். இரக்கத்தால் செய்தார், ஆனால் இரு குழுக்களையும் ஒப்பிடும் தகுதி அன்றே போயிற்று. ஏழு மாத உழைப்பைக் கைவிட்டோம். அதன்பின் ஒவ்வோர் உறைக்குள்ளும் கறுப்புத் தாள் வைத்து நானே ஒட்டினேன்.

1956-இல் நம் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வைத் தாங்கள் அறியாதிருக்க முடியாது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் சானடோரியத்தில் இருந்தும், நெரிசலான வீடுகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள் என்பது 1959-இல் வெளியாயிற்று. யாரை எங்கே வைப்பதென்பதை மருத்துவர்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், நோய் குறைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லி அந்த முடிவை எவரும் தள்ளியிருக்கலாம். குலுக்கல் அந்த வாயை அடைத்தது.

நான் வேண்டுவது இவ்வளவே: அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். இனி மருந்து ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் பங்கேற்றார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரிப் புள்ளியியல் பேராசிரியர்,
அண்ணா நகர், சென்னை.