கத்தரிக்காய்க்குச் சீருடையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், 'நாட்டுக் கத்தரியின் பெரிய குறை, காய்கள் ஒரே சீராக இருப்பதில்லை' என்று ஒரு வரி. காரைக்குடி பக்கம் 30 வருடமாகக் கத்தரி போடுகிறவன் நான். அந்த வரியைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

சீராக இல்லாததால்தானே ஐயா பொறுக்க முடிகிறது? எங்கள் அப்பத்தா பாத்தியில் செடி செடியாகப் பார்த்துக்கொண்டே போவார். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு உடையாத சிறு காய் ஒரு செடியில், கோசமல்லிக்குக் குழைகிற சதைக்காய் இன்னொன்றில். பிடித்த செடியில் வாழைநார் கட்டிவிட்டால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. காய் மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார். 1903-ல் டென்மார்க்கின் தாவரவியலாளர் ஜோஹான்சன் பீன்ஸை வைத்துச் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான். ஒரே விதையிலிருந்து தன் மகரந்தத்திலேயே வந்த வம்சத்தில், பெரிய விதையைப் பொறுக்கிப் போட்டாலும் சின்னதைப் போட்டாலும் அடுத்த விளைச்சலின் சராசரி எடை ஒன்றுபோலத்தான் இருக்கும். அதாவது, வம்சத்திலேயே வேறுபாடு இல்லாவிட்டால் பொறுக்கிப் பயனில்லை. தாங்கள் அறியாததா?

வீரிய ஒட்டு ரகம் சீராக வரும், சரி. அந்தக் காயின் விதையைப் போட்டும் பார்த்தேன். உருண்டை, நீளம், ஊதா, பச்சை என்று ஒரு பாத்திக்குள் ஒரு சந்தையே வந்து நின்றது. ஆக, வருடா வருடம் கடையில் பாக்கெட் வாங்க வேண்டும். அப்படி வாங்கியதில் பாதி முளைக்கவில்லை என்று முன்பு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிட இடமில்லை போலிருக்கிறது. செட்டிநாட்டு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்முறைக்கு முழ நீள ஊதாக் காயின் படம் போட மட்டும் தீபாவளி இதழில் இடம் இருந்தது. அதை எப்படி முழுசாக வதக்குவது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் தன் விதையைச் சேர்த்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் எங்களுக்கு உரிமை தருகிறது. உழவர்கள் வழிவழியாகக் காத்த ரகத்தைப் பதியும்போது, செடிகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற விதியில் கொஞ்சம் சலுகையும் உண்டு. டெல்லியே விட்டுக்கொடுத்ததை உங்கள் கட்டுரையாளர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தோட்டப் பக்கத்தின் அட்டவணையில் காய் எடைக்குச் சராசரியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை மிகச் சின்னக் காய், மிகப் பெரிய காய் இரண்டின் எடையையும் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு எண்தான், அதிக இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
கத்தரி விவசாயி ஒருவன்,
காரைக்குடி வட்டம்.